மாமா திருடிய வெள்ளாடு

எங்கள் மாமாவிடம் வெளியில் சொல்லிக்கொள்ளும்படி ஒரு பாவம்கூட இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய குறை.

மலையில் காவலூரைத் தாண்டி மேலே இருக்கிற எங்கள் ஊரில் தகரக் கூரை போட்ட சின்ன சபை. ஞாயிறு ஆராதனையில் பாட்டு முடிந்ததும் சாட்சி நேரம். நான் எப்படிக் கெட்டுக் கிடந்தேன், ஆண்டவர் எப்படித் தூக்கி நிறுத்தினார் என்று யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். இதில் எங்கள் ஊர் டெய்லரை மிஞ்ச ஆளே கிடையாது. சாராயம், சீட்டாட்டம், பெண்டாட்டியை அடித்தது, திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டில் வேட்டி இல்லாமல் விழித்தது என்று வாரத்துக்கு ஒன்று எடுத்துவிடுவார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். "எதையாச்சும் மறைக்கிறாரா பாரு, இன்னா தாழ்மை!" என்பார்கள்.

அம்மாவின் தம்பியான மாமாவோ பீடிகூடப் பிடித்ததில்லை. சாமை விதைப்பார், பலாப்பழத்தைச் சந்தைக்கு ஏற்றுவார், வேதம் வாசிப்பார், தூங்குவார். இதை வைத்துக்கொண்டு என்ன சாட்சி சொல்வது? "பொறாமைப்பட்டேன், ஸ்தோத்திரம்" என்று அவர் எழுந்து சொன்னால் சபை கொட்டாவி விட்டது. இந்த லட்சணத்தில் பாஸ்டர் வேறு, கிறிஸ்துமஸ் கூட்டத்தில் வெளியூர்க்காரர்கள் முன்னால் சாட்சி சொல்ல ஒருவரைத் தேர்ந்தெடுக்கப்போவதாக அறிவித்துவிட்டார்.

அந்தச் சனிக்கிழமை மாமா பலா மரத்தடியில் தனியாகப் பேசிக்கொண்டிருந்தார். சுள்ளி பொறுக்குகிற சாக்கில் நான் காதைத் தீட்டிக்கொண்டு போனேன். "ஒரு காலத்துல நான் சைக்கிள் திருடுனவன்" என்று ஆரம்பித்தார். இந்த மேட்டில் சைக்கிளை வைத்துக்கொண்டு யார் என்ன செய்வது? "கோழி திருடுனவன்" என்று மாற்றினார். கோழி போதவில்லை போலும், உதட்டைப் பிதுக்கினார். பிறகு சரிவில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் சபையில் எழுந்து நின்றார். "நான் மகா பாவிங்க. பக்கத்துல கீறவங்களுக்கே தெரியாம ஒரு வெள்ளாட்ட ஓட்டிக்கினு போய், வித்துத் துன்னவன்!" குரல் தழுதழுத்தது, கண்ணீரும் வந்தது. அதை எப்படி வரவழைத்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். சபையே விம்மியது. டெய்லர் முகத்தில் ஈயாடவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா மட்டும் அழவில்லை. பின்வரிசையிலிருந்து மெதுவாக எழுந்தார். "அது செனையா இருந்துச்சே தம்பி" என்றார்.

சில வருஷங்களுக்கு முன் அவருடைய சினையாடு பட்டியிலிருந்து காணாமல் போயிருந்தது. மகன்தான் விற்றுக் குடித்துவிட்டான் என்று ஊர் நடுவில் அவனை விளக்குமாற்றால் அடித்தார். நான் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுக் குடகு காப்பித் தோட்டத்துக்குப் போனவன் திரும்பவே இல்லை. பாவத்தைத் தேடிய அவசரத்தில் மாமாவுக்கு இது ஞாபகம் வரவில்லை.

மாமா வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ சொல்லலன்னா எம் புள்ளயத் திருடன்னு நெனச்சிக்கினே செத்திருப்பேன்பா." அப்படியே வெளியே ஓடி, சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி மகனுக்குப் போன் போட்டார். "கண்ணு, நீ இல்லடா! வூட்டுக்கு வந்துடுடா!" என்று அவர் கதறியது சபைக்குள் கேட்டது.

வீட்டில் அம்மா மாமாவைப் பிடித்துக்கொண்டாள். "ஆடு காணாமப் போன அன்னிக்கி எம் ரெண்டாவது பிரசவத்துக்கு நீ எங்கூட ஆஸ்பத்திரியிலதான கெடந்த? போய் உண்மையச் சொல்லுடா. இல்லன்னா ஊரே திருடன்னு காறித் துப்பும்."

மாமா சோற்றில் கை வைக்காமல் எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். பெரியம்மா மகன் வரப்போகிறான் என்று வாசலுக்குச் சாணி மெழுகிக்கொண்டிருந்தார். வாய்க்குள்ளே ஏதோ பாட்டு. மாமா வேலியோரம் நின்றார்.

"அக்கா, அந்த ஆடு..."

"போவட்டும் வுடு தம்பி. எம் புள்ள வர்றான்."

மாமா திரும்பி வந்து எங்கள் ஆடுகளில் நல்ல சினையாடாகப் பார்த்து அவிழ்த்துக் கொண்டுபோய் அவர் பட்டியில் கட்டினார்.

"நீ எடுக்கவே இல்லயே மாமா? மரத்தாண்ட நீ பேசுனத நான் கேட்டனே" என்றேன்.

"நான் இல்லன்னு சொன்னா அவன் மறுபடியும் திருடனாய்டுவான் பாப்பா" என்றார். அவ்வளவு சின்ன குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

மகன் வந்தான். பெரியம்மா பத்து வயது குறைந்தாற்போல நடமாடினார். கிறிஸ்துமஸ் கூட்டத்துக்கு பாஸ்டர் மாமாவைத்தான் கூப்பிட்டார். "டெய்லரே சொல்லட்டுங்க" என்று மாமா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அதன்பிறகு அவர் சாட்சிக்கே எழுந்ததில்லை. வாயைத் திறக்காத பெருமை பிடித்தவன் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். ஊரில் யார் வீட்டுக் கோழி காணாமல் போனாலும் முதலில் எங்கள் வாசலைப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து ஆடு மாதிரிக் கத்தினார்கள். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வரும். மாமா அவர் பாட்டுக்குச் சாமைக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருப்பார்.

இன்னொன்றும் நடந்தது. அந்த வருஷத்திலிருந்து கிறிஸ்துமஸ் காலையில் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு முழு ஆட்டுத்தொடை எங்கள் வீட்டுக்கு வரும். பெரியம்மா அனுப்புவதில்லை. மகனே கொண்டுவருவான். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டான். மாமா முன்னால் கைகட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பான், போய்விடுவான். ஆட்டைப் பறிகொடுத்த வீடு திருடனுக்குக் கறி கொடுக்கிற அதிசயம் உலகத்தில் எங்கள் ஊரில் மட்டும்தான் என்று நினைத்தேன். ஏன் என்று அம்மாவைக் கேட்டால், "துன்னுட்டு எழுந்து போடி" என்பாள்.

ஆட்டை மாமா எடுக்கவில்லை என்பது மாமாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பெரியம்மா மகனுக்கும் ஆடு காணாமல் போன நாளிலிருந்தே அது தெரிந்திருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.