சூளையில் சுருங்கிய தெரு

கட்டைவிரல் பொம்மையின் தோளில் தொடங்கி, இடுப்பு வளைவில் இறங்கி, பாதத்தருகே வந்து நிற்கிறது. அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த கோடு அந்த இடத்தில் நூலிழைபோல எழும்பியிருக்கிறது. ஒடித்த பிளேடால் அதைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் தடவி, மறுபடியும் தோளிலிருந்து பாதம்வரை விரலை ஓட்டிய பிறகே பொம்மை பலகைக்குப் போகிறது. இன்னும் சூளை காணாத பச்சை மண். கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் கை ஒடிந்துவிடும். கண்களோ வேலையில் இல்லை. வெளியே மினி பஸ் இரண்டு முறை ஹாரன் அடிக்கிறது. "ஏறிட்டாரு" என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு, கைகள் அடுத்த பொம்மையை எடுக்கின்றன.

அந்தக் கைகள் ராஜாம்பாளுடையவை. எங்கள் தெருவுக்குப் பின்புறம் இருக்கும் செராமிக் பட்டறை ஒன்றில் பிசிறு எடுப்பது அவர் வேலை. அச்சிலிருந்து வரும் விநாயகரோ கிளியோ உண்டியலோ, அவர் விரல் படாமல் சூளைக்குப் போவதில்லை. வலது கை வளையல்கள் வேலை முடியும்வரை சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். விரிசல் விட்ட பொம்மையைத் திட்டாமல் தூக்கிப் போட மாட்டார். "ஏன்டா அவசரப்பட்ட? வெயில்ல காயச் சொன்னனா உன்ன?" என்று கேட்டுவிட்டுத்தான் அதை மறுபடி மண் கரைக்கும் தொட்டியில் போடுவார்.

பட்டறைக்கு வெளியிலும் அந்தக் கட்டைவிரலுக்கு ஓய்வில்லை. டீக்கடையில் கிளாஸை வாங்கியதும் அதன் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றும். "இது ஒதட்ட கிழிக்கும், வேற குடுப்பா" என்று திருப்பித் தருவார். டீக்காரருக்கு இது பழகிவிட்டது. அவருக்கென்று ஒரு கிளாஸைத் தனியாக வைத்திருக்கிறார். கல்யாண வீட்டில் எவர்சில்வர் தட்டை எல்லோர் முன்னாலும் தடவிப் பார்த்துச் சம்பந்தி வீட்டாரைக் கோபப்படுத்திய கதையும் உண்டு.

அந்த இரட்டை ஹாரன் அவர் புருஷனுக்காக. தேவநாதனுக்குச் சர்க்கரையில் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ரயில்வே ஜங்ஷன் வாசலில் உட்கார்ந்து பைகளுக்கு ஜிப் மாட்டித் தருகிறார். வீட்டு வாசலில் ஒரு கல் கிடக்கிறது. காலையில் அதில் உட்கார்ந்திருப்பார். அங்கே ஸ்டாப்பிங் கிடையாது. ஆனாலும் பஸ் நிற்கும். கண்டக்டர் முதலில் தடியை வாங்குவார், பிறகு அவரை. ஏறியதும் டிரைவர் பட்டறைப் பக்கம் கேட்கிற மாதிரி ஹாரன் அடிப்பார். மெயின் ரோடுவரை தேவநாதனால் நடக்க முடியாது. தினமும் ஆட்டோ என்றால் ஜிப் மாட்டுவதில் அர்த்தமே இல்லை. "வூட்டுல குந்த வெச்சா மனுசன் செவுத்த பாத்தே கரைஞ்சிடுவாரு" என்பார் ராஜாம்பாள். அதையும் பட்டறைப் பெண்களிடம்தான். தெருக் கூட்டத்தில் புருஷன் பேச்சை அவர் எடுத்ததே இல்லை.

கூட்டம் என்றால் வார்டு மக்களைக் கூட்டி நகராட்சி நடத்துகிற பகுதி சபை. பள்ளிக்கூட வராந்தாவில் நடந்தது. ஒவ்வொரு மழைக்கும் எங்கள் தெரு முழங்கால் தண்ணீரில் நிற்கும் என்பதால் வடிகால் வரப்போகிறது. நல்ல செய்திதான். ஆனால் வடிகாலின் சுவர் ஒரு பக்கமாகத் தெருவைத் தின்றுவிடும். மீதி இடத்தில், அதுவும் தெரு வளைகிற முடக்கில், மினி பஸ் திரும்ப முடியாது என்று தோன்றுவதால் அதை நிரந்தரமாக மெயின் ரோட்டில் விட யோசனை. பொறியாளர் கார்முகில் இதைச் சொல்லி வரைபடத்தை விரித்தார். திட்டக்குடியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் இளம்பெண் அவர்.

"மேடம், இந்த பச்ச கோடு காவாயா, பஸ்ஸா?"

"அது வடிகாலுங்க. நீலக் கோடுதான் பஸ்."

"அப்ப எங்க வூடு எங்க?"

"உங்க வூடு பேப்பருக்கு வெளிய இருக்குது, போய் குந்துப்பா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

பஸ் போனால் தேவலை என்றவர்களும் இருந்தார்கள். "தெனம் மத்தியானம் எம்புள்ள தூங்கறப்பதான் பாட்ட போட்டுக்கினு வரான் அந்த டிரைவரு" என்றார் ஓர் அம்மாள். "ஒம்புள்ளைக்கு மீசை மொளைச்சி எத்தினி வருசம் ஆவுது? பகல்ல என்னா தூக்கம்?" என்று யாரோ கேட்க, வராந்தா சிரித்தது.

முடக்கில் செல்போன் கடை வைத்திருக்கும் பைரோஸ் எழுந்தார். அவர் கடைப் படிகள் தெருவுக்குள் நீட்டிக்கொண்டிருப்பது ஊருக்கே தெரியும். "பஸ்ஸு வரட்டும், போவட்டும். எம்படியில மட்டும் யாரும் கை வெக்கக் கூடாது. சவுதி வெயில்ல வெந்து வாங்கின கிரானைட்டு."

அப்போதுதான் ராஜாம்பாள் பேசினார். "கோடு போட்டுக் காட்டினா எங்களுக்கு எப்படிங்க மேடம் தெரியும்? கையில தொட்டுப் பாக்கணும். நான் மண்ணுல செஞ்சி எடுத்தாறேன்."

கார்முகில் சிரிக்கவில்லை. "அடுத்த கூட்டத்துல முடிவெடுத்தாகணும்மா. அதுக்குள்ள ஆகுமா?"

"ஆவும்."

அவர் செய்த விதம் இது. பட்டறையில் மினி பஸ் வடிவத்தில் ஓர் உண்டியல் வார்க்கிறார்கள். அச்சு செய்யும் கொளஞ்சிநாதன் எங்கள் தெருப் பஸ்ஸையே கயிற்றால் அளந்து செய்த அச்சு. அளவு பிசகாத ஆள் அவர். வெந்து ஆறிய உண்டியல் ஒன்றை ராஜாம்பாள் வாங்கிக்கொண்டார். பிறகு நிஜ பஸ்ஸின் நீளத்துக்கு ஒரு கயிறு. தெருவின் அகலம் அந்தக் கயிற்றில் எவ்வளவு பங்கு, முடக்கு எவ்வளவு பங்கு என்று முடிச்சுப் போட்டார். வடிகாலின் அகலத்தைக் கார்முகிலிடமே கேட்டு வாங்கினார். உண்டியல் பஸ்ஸின் நீளத்தில் அதே பங்குகளை மண்ணில் வெட்டினார். வேலை முடிந்து எல்லோரும் போனபிறகு, ஈரச் சாக்கு போர்த்திக் கோணாமல் காயவைத்து, சூளையில் ஒரு மூலை கேட்டு வைத்தார்.

அடுத்த கூட்டத்தில் மேசைமேல் தெரு இருந்தது. அவரவர் வீட்டை அவரவர் தொட்டுப் பார்த்தார்கள். பஸ்ஸை வைத்துத் தள்ளினார் ராஜாம்பாள். முடக்குக்குப் போவதற்கு முன்னாலேயே அது இரண்டு பக்கமும் கீச்சென்று உரசி நின்றுவிட்டது.

"பஸ்ஸு மாட்டிக்கிச்சி டோய்!"

"எம்படிகிட்ட வரதுக்கு முன்னயே மாட்டிக்கிச்சி. அக்கா, நீயே எனக்கு சாட்சி சொல்லிட்ட" என்றார் பைரோஸ்.

கவுன்சிலர் பேனாவைத் திறந்தார். "அப்ப மெயின் ரோடுன்னு எழுதிடலாங்களா மேடம்?"

ராஜாம்பாளின் விரல் பஸ்ஸின் விலாவில் போய்ப் போய் வந்தது. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்த தேவநாதன் தடியின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கார்முகிலுக்கு அது சாதகமான நேரம். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் டேப்பை எடுத்து மண் தெருவை அளந்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடியும் அளந்தார்.

"அம்மா, இன்னிக்கு உங்க தெருவுல பஸ் போகும்போது ரெண்டு பக்கமும் ஆள் நிக்க முடியுதா?"

"தாராளமா."

"வடிகாலுக்கு இடம் விட்டாலும் நேர்த் தெருவுல இப்படி உரசக் கூடாதே. இங்க எல்லாமே ஒரே பங்குக்குக் குறையுது. வடிகால்கூட நான் சொன்னதைவிடச் சின்னதா இருக்கு."

ராஜாம்பாள் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ மேடம், வெந்ததுல சுருங்கிப் போச்சி! பஸ்ஸு ஏற்கெனவே வெந்தது. தெருவ இப்பத்தான வேக வெச்சேன்!"

சூளைக்குள் போகும் மண் போன அளவிலேயே திரும்புவதில்லை. அதனால் அச்சு செய்கிறவர்கள் முதலிலேயே கொஞ்சம் பெரிதாகச் செய்துவிடுவார்கள். ராஜாம்பாளிடம் வரும் பொம்மைக்கு அந்த உபரியை வேறொருவர் கொடுத்து முடித்திருப்பார். இத்தனை வருடம் மண்ணோடு இருந்தும் ஒரு பொருளுக்கு அளவு வைக்கும் வேலை அவருக்கு வந்ததே இல்லை. சுருங்கும் என்று தெரியும். நினைவில்தான் வரவில்லை.

"அப்ப தெருவையே சூளையில வெச்சி சுருக்கிட்டியா ராஜாம்பா?" வராந்தா மறுபடி சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. கார்முகில் கவுன்சிலரின் பேனாவை மூடச் சொன்னார். "அடுத்த வாரம் ஒரு தடவை. அதுக்கு மேல என்னால தள்ள முடியாதும்மா. வேலைக்கு ஆள் விட்டாச்சு."

மறுநாள் பட்டறையில் கொளஞ்சிநாதன் பிடித்துக்கொண்டார். "பக்கத்துலயே குந்திக்கினு இருக்கேன். என்ன ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா நீயே செஞ்சி குடுத்துடுவ."

"குடுத்தா என்னா?"

"எந்தெரு. நான்தான் செய்யணும்."

அவர் தன் பெட்டியிலிருந்து ஒரு மூங்கில் பட்டையை எடுத்து நீட்டினார். ஸ்கேல்போலக் கோடுகள், ஆனால் ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே வழக்கத்தைவிடச் சற்று அகலம். "இது பொய் ஸ்கேலு. பச்ச மண்ண இதுல அள. வெந்து வரப்ப நிசமாயிடும்." ராஜாம்பாள் வாங்கியதும் அதன் விளிம்பைத் தடவினார். "தடவு தடவு, அதுல பிசிறு இருந்தா என் பேர மாத்திக்கிறேன்" என்றார் அவர்.

இரண்டாவது தெரு சற்றுப் பெரிய பலகையில் வந்தது. பஸ்ஸை இந்த முறை கார்முகில் தள்ளினார். நேர்த் தெருவில் உரசாமல் போயிற்று. முடக்கில் முன்பக்கம் திரும்பியது. பின்பக்கம் ஒரே ஓர் இடத்தில் டக்கென்று இடித்தது. பைரோஸின் படி.

எல்லோரும் பைரோஸைப் பார்த்தார்கள்.

"படிய பெருசா செஞ்சிட்ட அக்கா."

"கயிறு இருக்குது தம்பி. வா, போய் அளந்துடலாம்."

அவர் அளக்கப் போகவில்லை. குனிந்து அந்தக் குட்டிப் படியைத் தொட்டார். அது கையோடு வந்துவிட்டது. "இத ஒட்டலியா நீ?"

"எல்லாத்தயும் ஒட்டினேன். அது உன்னுது. நான் எப்படி ஒட்றது?"

பிறகு ராஜாம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னொரு துண்டை எடுத்தார். அதே படிகள், தெருவுக்குள் நீளாமல் கடைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் ஏறுகிற மாதிரி. "கடைக்கு ஆளு ஏற வாணாமா? இப்படி திருப்பிக்கோ. கிரானைட்ட ஒடைக்கத் தேவல்ல, அலுங்காம பேத்து வெச்சிக்கலாம்."

பைரோஸ் இரண்டு படிகளையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சவுதியில மொதலாளிகூட என்னைய இப்படி நிக்க வெச்சி பாத்ததில்ல" என்றார். ஒருவர் களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார். பைரோஸ் பக்கவாட்டுப் படியைக் கடை வாசலில் பொருத்தினார். பஸ்ஸை அவரே தள்ளினார். அது முடக்கைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றது. பழைய படியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எழுதிக்குங்க மேடம். ஆனா பேத்து வெக்கற வேலைய முனிசிபாலிட்டிதான் செய்யணும். ஒரு கீறல் வுழக் கூடாது."

"வடிகால் வேலையோட சேர்த்துடலாம்" என்றார் கார்முகில். கவுன்சிலரின் பேனா திறந்தது. பஸ் இதே வழியில்.

கார்முகில் மண் தெருமேல் குனிந்திருந்தார். ஒரு வீட்டு வாசலில் மொச்சைக் கொட்டை அளவு உருண்டை ஒன்று இருந்தது. "இது என்னம்மா, வரைபடத்துல இல்லையே?"

"அதுவா? கல்லு. பஸ்ஸுக்கு காத்திருக்கறவங்க குந்தறதுக்கு."

பின் வரிசையில் தேவநாதன் தொண்டையைச் செருமினார். கார்முகில் திரும்பிப் பார்த்தார், தடியைப் பார்த்தார். வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார்.

"இதை ஆபீசுக்கு எடுத்துட்டுப் போகணும்மா. கமிஷனர் சார் பார்க்கணும். தருவீங்களா?"

"எடுத்துக்கினு போங்க மேடம்."

ராஜாம்பாள் பலகையோடு தெருவைத் தூக்கி அவரிடம் நீட்டினார். கார்முகிலின் கை பட்ட பிறகும் அவர் விடவில்லை. கட்டைவிரல் விளிம்பில் ஓடிக்கொண்டிருந்தது. பைரோஸின் பழைய படி இருந்த இடத்துக்கு வந்து நின்றது. பலகையைத் திரும்ப இழுத்து மேசைமேல் வைத்தார். இடுப்பிலிருந்து ஒரு சாணைக்கல் துண்டை எடுத்து அந்த இடத்தை மெல்லத் தேய்த்தார். முந்தானையால் தூசியைத் துடைத்தார். விரலை மறுபடி முதலிலிருந்து ஓட்டினார். தெருமுனை, வீடுகள், கல், முடக்கு, மறுமுனை. எங்கும் நிற்கவில்லை.

"கைய கிழிச்சிருக்கும்" என்றார். "இப்ப புடிங்க."