தவிட்டுக்கு வாங்கிய வெள்ளைக்காரப் பிள்ளை

தண்ணீர் தெளித்துப் பிசைந்த தவிட்டுக்கு வெதுவெதுப்பான ஒரு வாசனை உண்டு. கோணிப்பையின் வாசனையும் ஆறிப்போன கஞ்சியின் வாசனையும் கலந்த மாதிரி இருக்கும். ரப்பர்த் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் அப்பா கோழி வளர்த்தார். பால்மரம் வெட்டிப் பால் எடுத்துவிட்டு வந்ததும் முதல் வேலையாகத் தவிடு பிசைந்து வைப்பார். அந்த வாசனை அவர் விரல்களில் சாப்பாட்டு நேரம் வரைக்கும் இருக்கும். இப்போது கோழித்தீவனம் உருண்டை உருண்டையாகப் பையில் கட்டி விற்கிறது. மோந்து பார்த்தால் ஒன்றும் வருவதில்லை.

நம் வீடுகளில் பிள்ளைகளைச் சீண்ட வேண்டும் என்றால் "உன்ன தவுட்டுக்கு வாங்குனோம்" என்று சொல்வார்கள். என் அண்ணனும் அதைச் சொல்லித்தான் என்னை அழவைப்பான். ஆனால் உண்மையாகவே தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை ஒருவன் எங்களுக்கு இருந்தான். அவன் வெள்ளைக்காரன்.

என் அம்மாவின் பெயர் லெட்சுமி. தோட்டத்தில் ஆள் குறைத்தபோது அம்மாவுக்கு மரம் வெட்டும் வேலை போய்விட்டது. யாரோ சொல்லி, புக்கிட் பெருவாங்கில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்துக்கு வீட்டுவேலை செய்யப் போனார். அந்த மனிதர் ஆயர் குரோ பக்கம் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ள இங்கிலாந்திலிருந்து வந்தவர். தோட்டத்துக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றாலும், வெள்ளையாக இருந்ததால் எங்கள் லயத்தில் எல்லாரும் அவரைத் "தொரை" என்றே சொன்னார்கள். அவர் மனைவியை அம்மா "மேடம்" என்று கூப்பிடுவார். அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை, பெயர் தாமஸ். அம்மா வாயில் அது "தாமசு" ஆயிற்று.

பள்ளி விடுமுறையில் அம்மா என்னையும் பேருந்தில் கூட்டிப்போவார். நான் கூச்ச சுபாவம் உள்ளவள். அந்த வீட்டில் அடுப்படி வாசலைத் தாண்டி உள்ளே போக எனக்குப் பல நாள் பிடித்தது. அங்கே இருந்தவற்றில் அனேகமாக எதுவுமே அவர்களுடையது இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. நாற்காலி, கட்டில், ஐஸ்பெட்டி, சன்னல் துணி எல்லாம் கம்பெனி கொடுத்தவை, போகும்போது விட்டுவிட்டுப் போக வேண்டியவை. சில பெட்டிகளும் சில படங்களும்தான் அவர்கள் கொண்டுவந்தது. இதற்கு முன்னால் வேறு ஏதோ நாட்டில் இருந்தார்களாம், ஒப்பந்தம் முடிந்தால் இன்னொரு நாட்டுக்குப் போவார்களாம். காலையில் தொரை காரில் போய்விட்டால் மேடத்துக்குப் பேச ஆளில்லை. வெயிலில் குடை பிடித்துக்கொண்டு மேட்டுவரைக்கும் நடந்து திரும்புவார். எங்கே போனீர்கள் என்று அம்மா மலாயில் கேட்டால் "ஜாலான்-ஜாலான்" என்பார், சும்மா நடந்துவிட்டு வந்தேன் என்று.

"பாவம்லா அந்தப் பொம்பள, பேச ஆளில்லாம செவுத்துக்கிட்ட பேசுது" என்று அம்மா வீட்டில் சொன்னபோது அப்பா சிரித்தார். "எம் பாட்டனும் இப்பிடித்தான் கப்பலேறி வந்தாரு, கண்காணாத ஊர்ல வேல செய்ய. என்னா, அவருக்கு ஐஸ்பெட்டி குடுக்கல."

அலமாரிமேல் ஒரு படம் இருந்தது. கம்பளிக் குல்லா போட்ட சின்னக் குழந்தை. அது தாமஸ் என்றுதான் நினைத்தேன். அம்மா ஒருநாள் தூசி துடைக்கும்போது கேட்டுவிட்டார். மேடம் இரண்டு கைகளையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்து, தூங்குவதுபோலக் காட்டினார். முதல் குழந்தை, இப்போது இல்லை. அம்மா அதன்பிறகு அந்தப் படத்தை முந்தானையால் துடைத்தார், துணியால் துடைக்கவில்லை.

அப்போதுதான் தாமசுக்கு அடிக்கடி காய்ச்சல் வர ஆரம்பித்திருந்தது. காய்ச்சல் ஏறினால் கை கால் வெட்டி இழுக்கும், கண் மேலே போய்விடும். மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள், சரியாகும், மறுபடியும் வரும். சின்னப் பிள்ளைகள் பலருக்கு அப்படி வரும், வளர வளரத் தானாக நின்றுவிடும் என்று பின்னாளில் என் மகளுக்கு ஊசி போட்ட ஒரு தாதி எனக்குச் சொன்னார். அன்றைக்கு அம்மாவுக்குத் தெரிந்தது வேறு. முதல் பிள்ளை போய், அடுத்ததும் இப்படிச் சீக்காகக் கிடந்தால், அதை இன்னொருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும். தவிட்டு விலைக்குப் போன பிள்ளையை எமன்கூட ஒரு பொருட்டாக நினைக்க மாட்டான் என்பது கணக்கு.

அம்மா இதைத் தன் அரைகுறை மலாயில் மேடத்திடம் சொன்னார். "ஜுவால்" என்றார். விற்க வேண்டும். மேடம் பயந்துபோய்க் குழந்தையைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தார். பிறகு "பூரா-பூரா?" என்று கேட்டார். விளையாட்டுக்குத்தானே?

அம்மா தலையை ஆட்டி, "பெத்துல்" என்றார். உண்மையாக.

ஒரு வெள்ளிக்கிழமை, முறத்தைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, பையில் தவிட்டோடு பேருந்தில் போனோம். கோழிக்கு வாங்கியதில் கொஞ்சம் எடுத்தது. பேருந்தில் அந்த முறம் எல்லார் முழங்காலிலும் இடித்தது எனக்கு வெட்கமாக இருந்தது. பின்வாசலுக்கு வெளியே அம்மா நின்றார். உள்ளே இருந்த மேடம், அம்மா காட்டியபடி, குழந்தையை முறத்தில் கிடத்தினார். அம்மா மேடத்தின் இரண்டு கையிலும் தவிட்டைக் கொட்டிவிட்டு, பிள்ளையை முறத்தோடு தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்து, சொந்தப் பிள்ளையோடு வருகிறவர் மாதிரி முன்வாசல் வழியாக உள்ளே நுழைந்தார். மேடம் அழவில்லை. கையில் தவிட்டோடு, அதைக் கீழே போடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார். நான்தான் பூச்சட்டியைக் காட்டினேன்.

இனி இவன் லெட்சுமியின் பிள்ளை, பெற்றவள் "என் பிள்ளை" என்று சொல்லக் கூடாது. பள்ளிக்கூடம் போகும் வயதுக்குள் பெற்றவளே தவிடு கொண்டுவந்து திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கியவள் தானாகப் போய் "எடுத்துக்க" என்று சொல்லக் கூடாது, சொன்னால் பிள்ளையைத் தள்ளிவிட்டதாக ஆகிவிடும். அம்மா சொன்ன முறை இது. இன்னொருவர் வீட்டில் வேறு மாதிரி இருக்கலாம்.

லயத்தில் செய்தி பரவியது. தண்ணீர்க் குழாயடியில் நின்றவர்கள் அம்மாவை விடவில்லை. "என்னா லெட்சுமி, வெள்ளக்காரப் புள்ளைய வாங்கிட்டியாமே? வெயில்ல காய வைக்காத, சாயம் போயிரும்." இன்னொருவர், "புருசங்காரன் பாத்தானா? மூக்கு அவன மாதிரியே இருக்குதுன்னு சொல்லிருப்பானே" என்றார். அப்பா சொல்லவும் செய்தார்.

அதற்குப் பிறகு காய்ச்சல் குறைந்தது. வந்தாலும் வெட்டி இழுக்கவில்லை. தாமஸ் நடந்தான். அம்மாவை "அம்மா" என்றும் மேடத்தை "மம்மி" என்றும் கூப்பிட்டான். தண்ணி, சோறு, வா, போ எல்லாம் தமிழில்தான் வந்தது. மேடம் முறை தவறாமல் நடந்துகொண்டார். "லெட்சுமி, உன் பிள்ளை சாப்பிடவில்லை, உன் பிள்ளை மண்ணைத் தின்கிறான்" என்றுதான் மலாயில் சொல்வார். ஒருமுறை எங்களையும் காரில் ஏற்றிக் கடலோரத்து உம்பாய்க்குச் சுட்ட மீன் சாப்பிடக் கூட்டிப்போனார்கள். தாமஸ் அம்மா மடியில் உட்கார்ந்து சோறு வாங்கிக்கொண்டிருந்தான். கடைக்கார மலாய்க்கார அம்மா, யார் பிள்ளை இது என்று சிரித்துக்கொண்டே கேட்டபோது, மேடம் முள்ளை எடுத்தபடியே என் அம்மாவைக் கைகாட்டினார். தொரை மட்டும் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை, மீனை ஊதி ஆறவைத்துக்கொண்டிருந்தார். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு யாரும் முள் எடுத்துத் தரவில்லை. எனக்கு அந்த வயதில்லைதான்.

ஒப்பந்தம் முடிந்தது. அடுத்த வேலை ஏதோ பாலைவன நாட்டில் என்றார்கள். பெட்டிகள் வந்தன. அம்மா தினமும் போய்த் துணிகளை மடித்துக் கொடுத்தார், பாத்திரங்களைத் தாளில் சுற்றினார். ஒவ்வொரு நாளும் மேடம் தவிட்டைப் பற்றிப் பேசுவார் என்று காத்திருந்தார். பேசவில்லை. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார்.

"மறந்துட்டாங்களோ என்னமோ" என்றார் அப்பா. "நீயே கேளேன்."

"நான் எப்பிடிங்க கேக்குறது? பெத்தவதான் கேக்கணும். கேக்காம தூக்கிட்டுப் போயிட்டா, எம்புள்ளையால்ல போவான்? அங்க ஒண்ணுன்னா நான் எப்பிடிப் போயி பாப்பேன்?"

அவன் திருப்பி வாங்கப்பட்டுவிட வேண்டும் என்று எனக்கும் இருந்தது. அவனுக்காக அல்ல.

கிளம்புவதற்கு முதல் நாள் மேடம் தோட்டத்துக்கே வந்தார். செம்மண் சாலையில் கார் வந்து நின்றதும் லயமே வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா குளித்து, விளக்கேற்றி, தவிட்டை வாங்கிக்கொள்ள ஒரு பித்தளைத் தட்டைக்கூடத் துலக்கி வைத்திருந்தார். மேடம் கையில் பிஸ்கட் டின் ஒன்றுதான் இருந்தது. காப்பி குடித்தார். தாமஸ் கோழிகளை விரட்டினான். காப்பி முடிந்ததும் அப்பா இருமிக்கொண்டே எழுந்து பின்னால் போய், கோழித்தவிட்டுப் பையைத் தூக்கிவந்து, மேடத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார்.

மேடம் பையைப் பார்த்தார். அவர் மறக்கவில்லை என்பது அப்போது எல்லாருக்கும் தெரிந்தது. குனிந்து அந்தப் பையை மெதுவாக அப்பா பக்கம் தள்ளிவிட்டார். "ஜாங்கான்" என்றார். வேண்டாம். பிறகு மலாயிலும் ஆங்கிலத்திலுமாகக் கொஞ்சம் பேசினார். என் நான்காம் வகுப்பு ஆங்கிலத்துக்கு எட்டியவரை நான் அம்மாவுக்குச் சொன்னேன். "தன்கிட்ட இருந்தப்ப ஒண்ணு போயிருச்சாம். உங்கிட்ட இருக்குறதாலதான் இவன் நல்லாயிருக்கானாம். திருப்பி வாங்க பயமா இருக்காம். உம்புள்ளையாவே இருக்கட்டுமாம்."

அம்மா துலக்கி வைத்த தட்டை முந்தானையால் மறுபடியும் துடைத்தார். பிறகு என்னிடம்தான் கேட்டார், மேடத்தைப் பார்க்காமல். "அப்ப அவ யாராம்?" அதை எப்படி ஆங்கிலத்தில் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவில்லை.

கார் போனது. தாமஸ் பின் கண்ணாடி வழியாகக் கையாட்டினான், அவனுக்கு அது இன்னொரு ஜாலான்-ஜாலான். அம்மா பித்தளைத் தட்டை எடுத்து உள்ளே வைத்தார். "வெள்ளக்காரிக்கு நம்ம சாமிமேல நம்மளவிட பயம்லா" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகையும் வரவில்லை, நிம்மதியும் வரவில்லை. சாயங்காலம் பிஸ்கட் சாப்பிட்டோம்.

சில வருடங்கள் அட்டைகள் வந்தன, வேறு வேறு நாட்டுத் தபால்தலைகளோடு. பிறகு தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள், நாங்கள் மலிவு விலை வீட்டுக்கு வந்தோம். புது முகவரியை எந்த நாட்டுக்கு எழுதுவது என்று யாருக்கும் தெரியவில்லை. புது இடத்தில், எத்தனை பிள்ளைகள் என்று கேட்பவர்களிடம் அம்மா "மூணு, சின்னவன் வெளிநாட்டுல" என்று சொல்வார். கோயிலில் அர்ச்சனைக்கு மூன்று பெயரும் சொல்வார், சின்னவன் நட்சத்திரம் மட்டும் தெரியாது என்பார். பெற்ற பிள்ளையின் நட்சத்திரம் தெரியாதா என்று குருக்கள் ஒருமுறை வியந்து பார்த்தார். பக்கத்து வீட்டு செல்வி அக்காவுக்கு அந்தச் சின்னவன்மேல் எப்போதும் கோபம். "வெளிநாட்டுல வேல பாத்து என்னாலா புண்ணியம்? பெத்தவள ஒரு தடவ வந்து பாத்தானா?" என்பார். "அவம்மேல தப்பில்ல செல்வி" என்று அம்மா பேச்சை மாற்றுவார்.

போன வருடம் அம்மா இறந்துபோனார். நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தபோது செல்வி அக்கா வந்து அண்ணனைப் பிடித்துக்கொண்டார். "சின்னவனுக்குச் சொல்லியாச்சா? எப்ப பிளைட்? அவன் வந்து மூஞ்சி பாக்க வேணாமா, அதுக்குள்ள எடுக்கணும்ங்கிறீங்க?" அண்ணன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாதான், "அவன் வர மாட்டான். நேரத்துக்கு எடுங்க" என்றார்.

வாய்க்கரிசி போடும்போது அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தோம். போட்டார். போட்டுவிட்டு மறுபடியும் தட்டில் கைவிட்டு இன்னொரு பிடி அள்ளினார். சடங்கு நடத்தியவர், "ஒரு தடவ போதுங்கையா" என்றார்.

"இது சின்னவனுக்கு" என்று சொல்லிவிட்டு அப்பா குனிந்து அதையும் போட்டார். பிறகு, வீட்டில் வழக்கமாகப் பேசும் குரலிலேயே, "விட்ரு லெட்சுமி. அவன் நல்லாத்தான் இருப்பான்" என்றார்.

அன்றைக்கும் எனக்கு அழுகை வரவில்லை. பாத்திரங்களைக் கழுவி வைத்தேன். தோட்டம் இருந்த இடத்தில் இப்போது பெரிய கேட்டும் காவலும் போட்ட வீடுகள் வரிசையாக நிற்கின்றன. புக்கிட் பெருவாங் வீட்டில் கல்லூரி மாணவர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள், வாசலில் மோட்டார் சைக்கிள்கள். தவிட்டுக்குப் பிள்ளை விற்பதைப் பற்றி என் மகளிடம் சொன்னால், ஏதோ கதை என்று நினைக்கிறாள். சந்தையிலோ பேருந்து நிறுத்தத்திலோ பார்ப்பவர்கள் மட்டும், கருமாதிக்குக்கூட உன் தம்பி வரவில்லையா என்று இன்னும் கேட்கிறார்கள். லீவு கிடைக்கவில்லையாம் என்று சொல்கிறேன். வெளிநாட்டில் வேலை என்றால் அப்படித்தான் என்று அவர்களே சொல்லிக்கொண்டு போய்விடுகிறார்கள்.