வெச்சுப்போடலாமுங்க

எங்கள் வீட்டைக் கட்டிய காண்ட்ராக்டர் எதற்கும் முடியாது என்று சொல்லி நான் கேட்டதில்லை. தொண்ணூறுகளில் அப்பா சோமனூரில் சில விசைத்தறிகளை ஓட்டிக்கொண்டிருந்தார். வாடகை வீட்டை விட்டுச் சொந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று இந்தக் காண்ட்ராக்டரிடம் பேசினார். சதுர அடிக்கு இவ்வளவு என்று முடிவாயிற்று. "ஊட்டைக் கட்டிச் சாவியைக் கையில குடுத்துப்போடறேனுங்க" என்றார் அவர்.

அதற்குப் பிறகுதான் அம்மா ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தாள்.

"ஏனுங்க, சமையக்கட்டுல பரண் வருமுங்களா?"

"வெச்சுப்போடலாமுங்க."

"பின்னால கக்கூசு, மேல தண்ணித்தொட்டி?"

"கட்டிப்போடலாமுங்க அம்மணி."

அதற்குத் தனியாகக் காசா என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிக் கேட்பது, விருந்துக்கு அழைத்தவரிடம் சாப்பாட்டுக்கு விலை கேட்பது போல. அவரும் தானாகச் சொல்லவில்லை. 'போடலாம்' என்றால் பேசிய காசிலேயே சேர்த்தி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவர் சொன்னது, காசு கொடுத்தால் ஆகும் என்பது. இதில் தப்பு இரண்டு பக்கமும் என்று சொந்தக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். நான் ஒப்புக்கொள்வதில்லை. கேட்கக் கூச்சப்படுகிறவர்களிடம் சொல்லாமல் விடுவது மரியாதை ஆகாது.

ஆனால் அந்த வீட்டில் என் கைங்கரியமும் ஒன்று இருந்தது.

மொட்டை மாடிக்கு இப்போதைக்கு ஏணி போதும், மேலே அறை எடுக்கும்போது படி கட்டிக்கொள்ளலாம் என்று அப்பா தீர்மானித்திருந்தார். நானோ எங்களுடையது மாடி வீடு என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். படி இல்லாத மாடியை எவன் நம்புவான்? காண்ட்ராக்டருக்குக் காப்பி கொண்டுபோன ஒரு நாள், "அப்பா வெளிய படி வெக்கச் சொன்னாங்க" என்றேன்.

"அப்படிங்களா கண்ணு? வெச்சுப்போடலாம்."

படி எழும்பியது. "சொல்லாமயே கட்டறாரு பாருங்க, நல்ல மனுசன்" என்றாள் அம்மா. அப்பா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். கேட்டால் காண்ட்ராக்டர் தப்பாக நினைப்பாரோ என்று அவரும் விட்டுவிட்டார்.

பால் காய்ச்ச நாள் குறித்து ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சாவி மட்டும் வரவில்லை. எக்ஸ்ட்ரா வேலைக்குக் காசு வந்தால்தான் சாவி என்று காண்ட்ராக்டர் வாசலில் நின்றார். அப்பாவிடம் அதற்கு மேல் காசு இல்லை.

"ஊடுன்னா செவுத்துக்குள்ள இருக்கறதுங்க அம்மணி. கக்கூசும் தண்ணித்தொட்டியும் வெளிய நிக்குதுங்களே."

"வாசப்படியும் வெளியதானுங்க நிக்குது. அதையும் பேத்தெடுத்துக்கிட்டுப் போங்க. நாங்க சன்னல்ல ஏறிக் குதிச்சுக்கறோம்."

சாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா சிரிக்கவில்லை. "சாவியை நீங்களே வெச்சுக்குங்க. நான் வாசல்ல அடுப்பு மூட்டிப் பால் காய்ச்சறேன். வர்ற சனத்துக்கிட்ட காரணத்தையும் சொல்லிப்போடறேன்."

அவர் முகம் இறங்கியது. "செரி, அதெல்லாம் உடுங்க. மாடிப்படி? அது பேச்சுலயே இல்லீங்களே."

"நாங்க கேக்கவே இல்லீங்களே!"

"அப்பா சொன்னாங்கன்னு உங்க பையந்தானுங்க வந்து சொன்னான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "நான் சொல்லலை" என்றேன். குரல்கூட நடுங்கவில்லை.

அம்மா என் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கேட்டீங்களா? எம்பையன் வாயில பொய் வராதுங்க. வேணும்னா படியை இடிச்சுக்குங்க."

காண்ட்ராக்டர் என்னையே பார்த்தார். பிறகு, "செரிங்க அம்மணி, நாந்தான் தப்பாக் கேட்டுப்போட்டனாட்ட இருக்குது" என்று சாவியை அம்மாவின் கையில் வைத்துவிட்டுப் போனார். அப்பா படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

கக்கூசு விஷயத்தில் அம்மா பேசியதுதான் நியாயம். யார் வந்து கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். படி விஷயத்தில் பொய் சொன்னவன் நான். அந்தச் செலவு அவர் தலையில் விழுந்தது.

குடிபோன பிறகு, மாடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியைக் கழுவ அப்பா மேலே ஏற வேண்டியிருந்தது. புதுப்படி பளபளவென்று இருக்க, அவர் தறிக்கூடத்திலிருந்து மூங்கில் ஏணியைத் தூக்கி வந்து சுவரில் சாய்த்தார். எனக்குச் சிரிப்பாக வந்தது.

"படிதான் இருக்குதல்லப்பா?"

"அது உன்ற படி கண்ணு" என்றார் பாதி ஏணியில் நின்று. "எனக்கு இது போதும்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொன்னேன்: வீடு அப்பாவுடையது, மாடிப்படி மட்டும் என்னுடையது, அப்பாவே சொல்லிவிட்டார் என்று.