ஈரப் புகையிலை

புகையிலைக் கிடங்கில் அவளுக்கு மூக்கக்கா என்று பெயர். இலையை முகர்ந்தே முதல் தரமா மூன்றாம் தரமா என்று சொல்லிவிடுவாள். தண்ணீர் தெளித்துப் பதமாக்கிய இலைகளை வெறுங்கையால் பிரித்து அடுக்குவது பதினோரு வருஷத்து வேலை. கையுறை போட்டால் இலையின் கனம் தெரியாது என்பது அவள் கட்சி.

கர்ப்பமாக இருந்தபோதும் ஏழு மாதம்வரை போனாள். மத்தியானத்துக்குள் இரண்டு முறையாவது கழுவுதொட்டிக்கு ஓடி வாந்தி எடுப்பாள். "உள்ள இருக்கறது என்னமா ஆட்டம் போடுது பாரு!" என்று பக்கத்து மேசைக்காரி சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வாந்தி வராது. லீவு நாளில் பிள்ளையும் ஓய்வெடுக்கிறது என்றார்கள்.

புகை பிள்ளைக்கு ஆகாதென்று வீட்டுக்காரரை நச்சரித்துச் சிகரெட்டை விடவைத்தாள்.

மகளுக்கு இப்போது எட்டு வயது. கணக்கைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவாள். செருப்பெடுக்கப் போனவள் கதவை ஆட்டிக்கொண்டு நிற்பாள். "திமிருடி உனக்கு" என்று மூக்கக்கா கரண்டியைத் தூக்குவாள். அடித்தும் மாறாததால் அடி கூடிக்கொண்டே போனது. கடைசியில் பள்ளிக்கூடம்தான் டாக்டரம்மாவிடம் அனுப்பியது.

"கர்ப்பத்துல புகையிலைப் பழக்கம் இருந்துச்சா?"

"ஐயோ, வாயில வெச்சதே இல்லைங்க. இவர்கூட அப்பவே விட்டுட்டார்."

"என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னாள்; கர்ப்பத்தில் வேலை நாளெல்லாம் வாந்தி வந்ததையும் சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். ஈர இலையின் நிகோட்டின் தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும், அந்த வாந்திகூட அதனால் இருக்கலாம் என்றார். கருவில் மூளை உருவாகும் சமயத்தில் அது போய்ச் சேர்ந்தால், பிற்பாடு கவனம் நிலைக்காமல் போகும் வாய்ப்பு கூடுமாம்.

"அப்ப நான்தான் இவள இப்படி ஆக்கினேனா?"

"உறுதியா சொல்ல முடியாதும்மா. வேற காரணமும் இருக்கலாம். ஆனா ஒண்ணு, இவ வேணும்னு எதையும் பண்ணல."

குற்றவாளி என்று தெரிந்தால் அழுது தீர்க்கலாம், இல்லையென்றால் தூங்கலாம். இரண்டுக்கும் நடுவில் குடியிருக்க யாருக்கும் பழக்கமில்லை. பேருந்தில் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி, "என்னை மட்டும் அந்தப் பாடு படுத்தின" என்றார்.

சாயங்காலம் மகள் கணக்கு நோட்டை விரித்தாள். இரண்டு வரி ஆனதும் ரப்பரைச் சுவரில் உருட்ட ஆரம்பித்தாள். மூக்கக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சிறியவளின் தோள்கள் குறுகின.

"அடிக்க மாட்டேன், கண்ணு."

மகள் ரப்பரைக் கையில் மூடிக்கொண்டு சற்று நேரம் காத்திருந்தாள்.

"அப்ப எப்பம்மா அடிப்ப?"