மாதிரிக்கு வைத்த இழவு வீடியோ

நடந்தது நடந்ததுதான். நம்பாதவர்கள் எழுந்து போகலாம். கெஞ்சி நம்பவைக்க இங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. கொழிஞ்சாம்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நவீன்குமாருக்குப் பட்டப்பகலில் நடந்தது இது.

அந்த ஆளுக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம். எருத்தேன்பதி கௌசிகா, திறக்காமல் போன தன் கல்யாண வீடியோக்களைக் கேமராக்காரர் கொடுத்த பழைய ஹார்டு டிஸ்க்கோடு கொண்டுவந்தபோதும் மூக்கைச் சுளித்தான்.

“எங்கப்பா பேசுனது அதுல மட்டுந்தானுங்ணா இருக்குது. அவரு கொரலே எனக்கு மறந்துட்டு வருதுங்க.”

“பாக்கலாம், போம்மா.”

அவள் படியிறங்கியதும் சிரித்தான். “பந்தியில சோறு திங்கறத மணிக்கணக்காப் புடிச்சு வெச்சிருப்பானுக. இதுக்கு அழுகை வேற!”

கெட்டுப்போன வீடியோவைச் சீராக்க, அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று மாதிரிக்கு வேண்டும். அதைக் காட்டி ஒரு கட்டளை தட்டினால், அவன் எழுதிய கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் மற்றதையெல்லாம் வரிசையாகச் சரிசெய்துவிடும். டிஸ்க்கில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று. கல்யாணத்துக்கு முந்தின வாரம் யார் வீட்டிலோ எடுத்த இழவு. பெஞ்சில் கிடத்திய கிழவர், தாடையைச் சுற்றித் துணிக்கட்டு, நெற்றியில் காசு.

அந்தப் பக்கத்து ஸ்டுடியோக்காரர்கள் இழவையும் கல்யாணத்தையும் ஒரே ஃபோல்டரில்கூடப் போடமாட்டார்கள். அவன் மனைவி அனுப்பிரியா பதறினாள்.

“ஏனுங்க, வேண்டாமுங்க. கேமராக்காரர்கிட்டயே வேற வீடியோ கேட்டு வாங்குங்க.”

“கம்ப்யூட்டருக்கு என்னடி தீட்டு? கூமுட்டை!”

தட்டினான்.

முதல் வீடியோ திறந்தது. நாதஸ்வரம். மணமேடை. முன்வரிசையில் ஒரு கிழவர்... தாடையில் துணிக்கட்டு.

ஒரு படம் இன்னொன்றில் கலந்துவிட்டது என்று ஸ்கிரிப்டைத் திட்டினான். அடுத்ததைத் திறந்தான். அதே நாற்காலி. அதே கிழவர். ஓடிவந்த குழந்தை ஒன்று அவர் முன்னால் சட்டென்று நின்றது. பிறகு சுற்றிக்கொண்டு போனது.

கலந்த படத்துக்கு எந்தக் குழந்தை வழிவிடும்?

மூன்றாவதில் நாதஸ்வரம் இல்லை. மின்விசிறிச் சத்தம் மட்டும்... டக்... டக்...

கௌசிகாவின் அப்பா குனிந்து அந்தக் கிழவரிடம் பேசினார்.

“புள்ளைக்குத் தாலி ஏறட்டுமுங்க... வந்தர்றனுங்க.”

கிழவர் தலையாட்டினார்.

நவீன்குமார் ஒயரைப் பிடுங்கினான்.

மறுநாள் கௌசிகா வந்தபோது, எதுவும் தேறவில்லை என்று மழுப்பினான். அவள் விடவில்லை. போட்டுக் காட்டினான். அப்பாவின் குரல் கேட்டதும் ஓவென்று அழுதாள். பிறகு திரையை உற்றுப் பார்த்தாள்.

“இது யாருங்ணா?”

அவன் வீடியோவை நிறுத்தப் போனான்.

“அப்பா இதைச் சொல்றப்ப நான் பக்கத்துலதானுங்க நின்னேன். காலிச் சேரப் பாத்துத்தான் பேசுனாரு. வெயிலுக்குக் கிறுகிறுப்புன்னு நெனச்சோமுங்க. தாலி கட்டி முடிச்சுத் திரும்பிப் பாக்கறோம்... அந்தச் சேர்லதானுங்க செத்துக் கெடந்தாரு.”