மீன்தொட்டியின் வெள்ளிக்கிழமை விரதம்

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் மீன்களும் விரதம் இருந்தன. விருப்பமா என்று அவற்றை யாரும் கேட்கவில்லை. அம்மா சொன்னால் சொன்னதுதான்.

கறிக்கு வந்த மீன்களைச் சொல்லவில்லை. கடலோர ஊரான உப்புவெளியில் எங்கள் வீட்டு முன்னறையில் மாமா வைத்திருந்த கண்ணாடித் தொட்டியின் கடல்மீன்களைச் சொல்கிறேன். மாமா அம்மாவின் ஒரே தம்பி. கடலடியில் சுழியோடி, அழகுமீன் பிடித்துக் கொழும்புக்கு அனுப்பும் தொழில் செய்தவர். ஒரு நாள் ஆழத்தில் காற்று முடிந்துபோய், மெல்ல மெல்ல ஏறவேண்டிய விதத்தில் ஏறாமல் அவசரமாக மேலே வந்துவிட்டார். அதோடு கால்கள் சொல்வழி கேட்காமல் போயின. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்துவிட்டு, ஊன்றுகோலோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டு ஒழுங்கை தள்ளிக் கடல். மாமா அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. பார்க்கப் பொறுக்காமல் அவருடைய கூட்டாளிதான் ஒரு தொட்டியையும், பிளாஸ்டிக் கான்களில் கடல்நீரையும், பாசியும் பூச்சியும் உயிரோடு ஒட்டியிருந்த ஒரு பெரிய கல்லையும், சில மீன்களையும் கொண்டுவந்து வைத்தார். அதன் முன்னால் கதிரையைப் போட்டுக் குந்தியிருக்கும்போது மட்டும் மாமாவின் முகத்தில் பழைய மாமா தெரிவார். அதற்காகவே எனக்கு அந்த மீன்கள்மேல் உயிர்.

அம்மா அவருடைய காலுக்காக வெள்ளி விரதம் பிடித்தார். அன்று வீட்டுக்குள் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கூடாது. தொட்டிக்குப் போடும் இறால் துண்டும் அம்மாவின் சட்டப்படி மச்சம்தான்.

“மீனுக்கும் விரதமோ, அக்கா?”

“ஒரு நாள் பட்டினி கிடந்தா ஒண்டும் செத்துப்போகாதுகள், தம்பி.”

ஆனால் செத்தன. சனிக்கிழமை விடிந்தால் தொட்டியில் ஒரு மீன் குறைந்திருக்கும். முதலில் நீலக்குஞ்சு, பிறகு வரிபோட்டது. அம்மா பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகித்தார். மூடியிருந்த தொட்டியைத் திறந்து, மீனைத் தின்று, மறுபடி மூடிவைக்கும் அளவுக்கு அந்தப் பூனை ஒழுங்கானதா என்பதை அவர் யோசிக்கவில்லை. நானோ குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். கல்லின் அடியில், பல கால் கொண்ட மட்டத்தேளைப் போல, உடம்பின் இரு கரையிலும் வெள்ளை மயிர் முளைத்த ஒரு புழு மிச்சமிருந்த மீன்தலையைத் தின்றுகொண்டிருந்தது. அதை உடனே கொல்லவேண்டும் என்று குதித்தேன். மாமா தடுத்தார்.

“பாவம், அதை விடு பிள்ளை. செத்ததைத் தின்னுற சீவன் அது. அது இல்லாட்டித் தண்ணி நாறிப்போம். மீனைக் கொன்றது வேற ஆள்.”

அடுத்த வெள்ளி மாலை, அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம், அந்த வேறு ஆள் அகப்பட்டது. கல்லுக்குள்ளிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். மாமா போன் வெளிச்சத்தைப் பிடித்தார். பொந்துக்குள் காம்பில் வைத்ததுபோல இரண்டு கண்கள். ஒன்று எங்களைப் பார்த்தது, மற்றது மீன்களைப் பார்த்தது. இறாலுக்குச் சொந்தக்காரன் போன்ற பச்சை உடம்பு, கும்பிடுவதுபோல மடித்துவைத்த கைகள். மாமாவின் செல்ல மஞ்சள்மீன் அந்தப் பக்கம் வந்தது. கும்பிட்ட கை ஒருமுறை நீண்டு மடங்கியது. அவ்வளவுதான்.

எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டிருக்கும்போதே விஷயமும் விளங்கிவிட்டது. பொந்துக்குள் இருப்பதற்கு மற்ற நாட்களில் இறால் துண்டு கிடைக்கிறது, அது சும்மா கிடக்கிறது. வெள்ளியில் அதற்குப் பசிக்கிறது.

“அம்மான்ர விரதத்தாலதான் மாமா. அம்மா வரட்டும், சொல்லுறன்.”

“வேண்டாம் பிள்ளை,” என்றார் மாமா. அதட்டவில்லை, கெஞ்சினார். “அவவுக்கு இது தெரியவே கூடாது.”

அம்மா வந்தார். காலையிலிருந்து பச்சைத்தண்ணீரோடு இருந்த முகம். வந்ததும் வராததுமாகக் குனிந்து மாமாவின் முழங்கால்களில் திருநீறு பூசினார். மஞ்சள்மீனைக் காணவில்லையே என்று கேட்டபோது, ஏதோ நோய் வருத்தம் வந்து செத்துப்போச்சு என்றார் மாமா.

மறுநாள் கூட்டாளி வந்து, பொந்துக்குள் கொதிதண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது என்றார். மாமா ஒப்புக்கொள்ளவில்லை.

“அது தன்ர வீட்டில இருந்தது. நாங்கள்தான் வீட்டோட தூக்கிக்கொண்டு வந்தனாங்கள்.”

அப்படியானால் கல்லைக் கடலில் எறிந்துவிட்டு வருகிறேன் என்றார் கூட்டாளி. எறிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் நசிந்துபோகும், பார்த்து இறக்கிவைக்கவேண்டும், உன் அவசரக் கைக்கு அது ஏலாது என்று மாமா குறை சொன்னார். சொல்லிவிட்டுத் தன் கால்களையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிச் சாரத்தை மடித்துக் கட்டினார்.

கூட்டாளி கல்லை வாளியில் சுமக்க, மாமா ஊன்றுகோலோடு ஒழுங்கையில் இறங்கினார். அம்மா குசினியில் போட்டது போட்டபடி பின்னால் ஓடிவந்தார். கடல் அன்று குளம்போலக் கிடந்தது. மாமா ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, கூட்டாளியின் தோளைப் பிடித்துக்கொண்டு நெஞ்சளவு தண்ணீருக்குப் போனார். கல்லை வாங்கி நெஞ்சோடு அணைத்தபடி, தலை மறைய அமிழ்ந்தார். அம்மா என் கையை நொறுங்கப் பிடித்தார்.

மாமா மேலே வந்தார், மெதுவாக. வந்தவர் கரைக்குத் திரும்பாமல் மல்லாந்து மிதந்தார். தரையில் அடங்காத கால்கள் தண்ணீரில் ஒரு தொந்தரவும் செய்யவில்லை. அவர் சத்தமாகச் சிரித்தது கரைக்குக் கேட்டது. அம்மா நின்ற இடத்திலேயே மணலில் குந்தியிருந்து அழுதார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா சொன்னார்: “பாத்தியே தம்பி, விரதம் வீண்போகேல்லை.”

மாமா ஒருமுறை என்னைப் பார்த்தார். “ஓம் அக்கா. உங்கட விரதம்தான் என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்று மீன்களும் எதனால் போயின என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஈரத்தலையும் சிரித்த முகமுமாக இப்படியா ஒரு மனிதர் பொய் சொல்வார் என்று நினைத்துக்கொண்டே ஊன்றுகோலை இழுத்துக்கொண்டு நடந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்பது எனக்கு அன்று விளங்கவில்லை.