ஒரே மாதிரி இரண்டு ஸ்லைடு

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்கு 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். பதினோரு வருடமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து ஊரார் ரத்தத்தைப் படிப்பவள். வெளிறிய முகத்தோடு யார் வந்தாலும், ஊசி குத்தும்போதே "இரும்புச்சத்து கம்மியா இருக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிவிடுவாள். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்துவிடும். அந்தத் தெம்பில் தன் களைப்புக்கும் தானே வைத்தியம் பார்த்துக்கொண்டாள். இரண்டு வருடம் இரும்பு மாத்திரை விழுங்கியும் ரத்த அளவு இம்மியும் ஏறவில்லை. மாத்திரையைத் திட்டினாளே தவிர, தன் தீர்ப்பைச் சந்தேகிக்கவில்லை.

மூன்று மாதக் கர்ப்பத்தோடு போய் நின்றபோது டாக்டரம்மா ஒன்றுதான் கேட்டார்.

"உடம்புல இரும்பு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பார்த்தியா?"

பார்க்கவில்லை. தினமும் அடுத்தவருக்குப் பார்க்கிறவள்! பார்த்தால், இரும்பு தாராளமாக இருந்தது. அடுத்த சோதனையில் குட்டு வெளிப்பட்டது: தலசீமியா, ரத்த அணுக்களைச் சிறுக்கவைக்கும் பரம்பரை நோய். பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து வந்த ஒற்றைக் குறை. அதனால் அவளுக்கு ஆபத்தில்லை. ஆனால் கணவருக்கும் அதே குறை இருந்தால், இரண்டும் சேர்ந்து பிள்ளைக்கு வர நாலில் ஒரு வாய்ப்பு. வந்தால், மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டே வளர வேண்டும். அப்படி வளரும் பிள்ளைகளின் பிஞ்சுக் கையில் அவளே நரம்பு தேடித் தோற்றிருக்கிறாள். அன்றிலிருந்து அவள் தன் வயிற்றைத் தொடவே இல்லை.

கணவர் லாரி ஓட்டுகிறவர். மலைப்பாதையில் ஒற்றைக் கையால் வண்டியைத் திருப்புகிற வீரர், ஊசியைக் கண்டதும் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"ஒரு சொட்டு போதும்ல?"

"பேசாம அந்தப் பக்கம் பாருங்க."

ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு வைக்க மறந்தாள். இந்த வேலையில் இதுவே முதல் தடவை.

அவர் ரத்தத்தைத் தடவிய கண்ணாடி ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் குனிந்தாள். எல்லாம் சின்னச் சின்ன அணுக்கள், நடுவில் வெளுத்துப்போய். அவளுடைய ஸ்லைடு எப்படியோ, இதுவும் அப்படியே. என் பிள்ளை, என் பிள்ளை என்று மட்டும் மனம் அடித்துக்கொண்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அணுக்கள் ஒரே அளவில் இல்லை. சில சின்னது, சில அதைவிடச் சின்னது. நடுநடுவே பென்சில் துண்டு போல நீளமாகச் சில. இரும்பு குறைந்த ரத்தத்தின் அடையாளம் அது; அவளுடையதில் அந்தப் பென்சில்கள் கிடையாது. இந்த முறை கண்ணை நம்பி உட்காரவில்லை, இரும்பையும் சோதித்தாள். சுத்தமாகத் துடைத்து வைத்த பாத்திரம் போல ஒன்றுமே இல்லை.

"எங்கேயாவது ரத்தம் போகுதா உங்களுக்கு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "வெளிக்குப் போறப்ப... எட்டு மாசமா. மூலம்தான். உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. புருஷனுக்கு மூலம் என்று கேட்டுப் பூரித்த பெண்டாட்டி உலகத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

டாக்டரம்மா அவ்வளவு லேசில் விடவில்லை. இரும்பு இல்லாத ரத்தத்தில் தலசீமியா ஒளிந்துகொள்ளும் என்று கணவரை மரபணுச் சோதனைக்கு அனுப்பினார். பத்து நாள். போன் மணி அடித்தால் பாதி வேலையில் ஓடிப்போய் எடுத்தாள். அவரோ ஒப்புக்கு இரும்பு மாத்திரையை முழுங்கிவிட்டு வீட்டில் பூனை போல நடந்தார்.

பதினோராம் நாள் முடிவு வந்தது. அவருக்கு அந்தக் குறை இல்லை. பிள்ளை மிஞ்சிப்போனால் அவளைப் போல இருக்கும், அவ்வளவுதான். உயிர் போய் உயிர் வந்தது. டாக்டரம்மாவின் மேசை முன்னாலேயே இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கூட வந்திருந்த கணவரைப் பார்த்துக் கேட்டார்.

"மூலம்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நானாத்தான்..."

"எட்டு மாசமா ரத்தம் போயிருக்கு. கட்டி ஏதும் இருக்கான்னு குடலுக்குள்ள குழாய் விட்டுப் பார்க்கணும். நாளைக்கே."

சோதனைச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு கணவர் அவள் பக்கம் திரும்பினார். அந்த ஊசிப் பயம் முகத்தில் அப்படியே இருந்தது.

"எல்லாருக்கும் சொல்லுவியே, பயப்படாதீங்கன்னு. எனக்கும் ஒரு தடவை சொல்லு."

அவள் வயிற்றிலிருந்து ஒரு கையை எடுத்து, ஜில்லிட்டுக் கிடந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.